காரணம் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரம்



அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்துவது எப்போது நியாயமாகிறது? இந்தக் கேள்விக்கு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் விடைகள் பல. தத்துவ நூல்களில் தொடங்கினால் இன்றைய மாலை முழுவதும் அங்கேயே போய்விடும். அதனால் சிறையிலிருந்து எழுதப்பட்ட ஒரு மனுவில் தொடங்குகிறேன்.

1950ஆம் ஆண்டு. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அப்போது சிறையில் இருந்தார். மலபார் அன்று சென்னை ராஜ்யத்தில் சேர்ந்திருந்ததால் அவரைப் பிடித்து வைத்திருந்தது சென்னை அரசு. 1947 டிசம்பரிலிருந்தே காவல். சாதாரணக் குற்றவியல் சட்டப்படி அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தாகிவிட்டன. ஆனாலும் அவர் வெளியே வரவில்லை. ஒரு காவல் ஆணை போனால் இன்னொன்று வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழிசெய்யும் தடுப்புக் காவல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நான்கு நாள் கழித்து, மார்ச் 1ஆம் தேதி, சிறையிலேயே கோபாலனுக்குப் புதிய சட்டத்தின்கீழ் ஆணை கொடுக்கப்பட்டது.

அவர் உச்ச நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். அந்த மனுவில், தன்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அவரால் எழுத முடியவில்லை. காரணம் அவருக்குத் தெரியும்; அரசு தெரிவித்திருந்தது. ஆனால் அந்தக் காரணங்களை நீதிமன்றத்தில் வெளிப்படுத்துவதையே அச்சட்டத்தின் 14ஆவது பிரிவு குற்றமாக்கியிருந்தது. ஒருவரைப் பூட்டி வைக்கலாம். ஏன் பூட்டினோம் என்று அவர் காதில் மட்டும் சொல்லலாம். அதை நீதிபதியிடம் சொன்னால் அதற்கும் தண்டனை. சட்டம் அப்படித்தான் இருந்தது.

மே 19ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு. எம்.கே. நம்பியார் கோபாலனுக்காக வாதாடினார். கோபாலன் தோற்றார். உயிரையும் உடல் சுதந்திரத்தையும் சட்டம் வகுத்த நடைமுறைப்படி பறிக்கலாம் என்கிறது அரசமைப்பின் 21ஆவது உறுப்பு. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை வகுத்துவிட்டது. அது நியாயமான நடைமுறையா என்று ஆராய்வது எங்கள் வேலையன்று என்ற நிலையைப் பெரும்பான்மை நீதிபதிகள் எடுத்தார்கள். பஸ்ல் அலி மாறுபட்டு எழுதினார்.

சட்ட மாணவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது கோபாலன் தோற்றதையும் பஸ்ல் அலி மாறுபட்டதையும்தான் படிக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. மற்ற எல்லாவற்றிலும் அரசின் பக்கம் நின்றவர்கள் உட்பட ஆறு நீதிபதிகளும் ஒரே குரலில் 14ஆவது பிரிவு செல்லாது என்றார்கள். பிடித்து வை, ஆனால் காரணத்தை மறைக்காதே. ஒரு மனிதரின் சுதந்திரத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்கத் தயாராக இருந்த நீதிபதிகளால்கூட அந்த மறைப்பைத் தாங்க முடியவில்லை.

நான் இன்று சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைக்கொண்டு மட்டும் அதன் நியாயத்தை அளக்க முடியாது. யார் மீது அது பாய்கிறதோ அவரிடம், அவருக்குப் புரியும் மொழியில், அவர் பதில் சொல்ல இயலும் காலத்துக்குள், காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்பவர் அரசின் கைக்குள் இல்லாதவராக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் அது நியாயமான அதிகாரம். இல்லாவிட்டால் அது எவ்வளவு சட்டபூர்வமாக இருந்தாலும் வெறும் பலம்தான்.

நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குப் பொதுவாக மூன்று விடைகள் சொல்லப்படும். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசு என்பது ஒன்று. முறையாக இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது என்பது இன்னொன்று. நல்ல நோக்கத்துக்காகத்தான் செய்கிறோம் என்பது மூன்றாவது. மூன்றும் தேவையானவைதான், அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்தியாவில் தடுப்புக் காவலின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், இந்த மூன்றும் ஒருசேர இருந்தும் பெரிய அநியாயங்கள் நடந்திருக்கின்றன.

வெள்ளைக்காரன் காலத்தில் முதல் விடை இல்லை. அதனால் கதை எளிதாக இருந்தது. 1818இல் வங்காள ஒழுங்குமுறை, 1819இல் சென்னைக்கும் அதேபோல் ஒன்று. அரசு விரும்பாதவரை 'அரசுக் கைதி' என்று பெயரிட்டு விசாரணையின்றி வைத்துக்கொள்ள அவை வழி செய்தன. ஒரு நூற்றாண்டு கழித்து ரவுலட் சட்டம் வந்தது. அதற்குப் பரிந்துரை செய்த குழுவில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரியும் இருந்தார். சட்டமன்றத்தில் இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தும் 1919 மார்ச்சில் அது நிறைவேறியது. ஜின்னாவும் மாளவியாவும் பதவியைத் துறந்தார்கள். அந்த நாட்களில் காந்தி சென்னையில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். நாடு முழுக்க ஒருநாள் கடையடைப்பும் உண்ணாநோன்பும் என்ற எண்ணம் அவருக்கு இங்கேதான் உதித்தது. வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை என்று வட இந்தியத் தெருக்களில் மக்கள் அந்தச் சட்டத்தைக் குறித்து முழங்கினார்கள். படிக்காத மக்கள் சட்டத்தின் குறையை எவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள் பாருங்கள். அந்நியன் ஆள்கிறான் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. எங்கள் பதிலைக் கேட்க ஆளில்லை என்றார்கள்.

ரவுலட் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்ற தலைமுறைதான் 31 ஆண்டு கழித்துத் தடுப்புக் காவல் சட்டத்தைக் கொண்டுவந்தது. மசோதாவை முன்மொழிந்த உள்துறை அமைச்சர் சர்தார் படேல், தூக்கமற்ற இரவுகளுக்குப் பிறகே இதற்குத் துணிந்ததாகச் சொன்னார். அவர் மனம் வருந்தியது உண்மை என்றே நம்புகிறேன். தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம், பிரிவினையின் ரணம், அகதிகள் வெள்ளம். அந்த அரசுக்கு அச்சம் இருந்தது, அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அதே 1950 பிப்ரவரியில், 11ஆம் தேதி, சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தூக்கம் கெட்ட இரவுகள் அமைச்சருக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை.

அரசமைப்பை எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. 'சட்டத்தின் உரிய நெறிமுறை' என்று முதலில் வரைவில் இருந்த சொற்றொடரை எடுத்துவிட்டு 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று மாற்றினார்கள். அரசியல் நிர்ணய சபையில் அதற்கு எதிர்ப்பு பலமாக எழுந்தது. விட்டதை ஈடுசெய்யும் முயற்சியாக 1949 செப்டம்பர் 15ஆம் தேதி அம்பேத்கர் புதிய உறுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய 22ஆவது உறுப்பு. அது விசித்திரமான உறுப்பு. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே விசாரணையற்ற சிறைக்கு இடம் தருகிறது. சிறைக்குப் போனவர்கள் இதை எழுதவில்லை என்று மகாவீர் தியாகி சபையில் கோபப்பட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த உறுப்பின் ஐந்தாவது கூறு இல்லாவிட்டால் இன்று நமக்குப் பிடிப்பதற்கு ஒரு கொம்பும் இருந்திருக்காது. காவலில் வைத்தவருக்குக் காரணங்களை இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும். அதை மறுத்து முறையிட மிக விரைவான வாய்ப்பைத் தர வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கூறு. கடந்த 75 ஆண்டுகளில் இந்த நாட்டில் தடுப்புக் காவலிலிருந்து விடுதலையானவர்களில் பலர் இந்த ஒற்றைக் கூற்றைப் பற்றிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

காரணம் சொல்வது என்றால் என்ன என்பதை நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கின. 1962இல் மராட்டிய மாநிலத்து வழக்கொன்று. ஆங்கிலம் தெரியாதவருக்கு ஆங்கிலத்தில் காரணங்களைக் கொடுத்தார்கள். காவல் அதிகாரி வாய்மொழியாக விளக்கினாராம். போதாது என்றது உச்ச நீதிமன்றம். எழுத்தில், அவருக்குத் தெரிந்த மொழியில், வைத்துப் படித்துப் பதில் எழுதும்படி கொடுத்தால்தான் கொடுத்ததாகும். 1999இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு ஆங்கில ஆவணம் ஒன்றின் தமிழ்ப் பெயர்ப்பைத் தராததால் காவல் செல்லாது என்று தீர்ப்பானது. இப்படிப்பட்ட தீர்ப்புகளைச் சிலர் 'டெக்னிக்கல் காரணம்' என்று ஏளனம் செய்வார்கள். படிக்க முடியாத நகல், மொழிபெயர்க்காத பக்கம், தாமதமாகப் பரிசீலித்த மனு. குற்றவாளி சந்துபொந்தில் தப்பிவிட்டான் என்பார்கள். நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, காவல் ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் இல்லை. இத்தனையையும் பறித்த பிறகு அந்த மனிதரிடம் மிஞ்சியது அரசு கையில் கொடுத்த அந்தக் காகிதக் கட்டு மட்டும்தான். அதையும் படிக்க முடியாதபடி கொடுத்தால் அவரிடம் என்ன இருக்கிறது?

அவசரநிலைக்கு வருகிறேன். 1975 ஜூன் 25 இரவு அது அறிவிக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே மிசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் வந்திருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற அரசு. நோக்கம் நாட்டின் பாதுகாப்பு. மூன்று விடைகளும் தாளில் சரியாக இருந்தன. அவசரநிலை வந்ததும் மிசாவில் 16அ என்ற புதிய பிரிவு நுழைந்தது. காவலுக்கான காரணங்களைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. அவை அரசின் இரகசியம். 1950இல் ஆறு நீதிபதிகள் ஒருமனதாகத் தூக்கி எறிந்ததைவிட மோசமானது பின்வாசல் வழியாக வந்தது. கோபாலனுக்குக் காதிலாவது சொன்னார்கள். மிசா கைதிக்கு அதுவும் இல்லை.

ஒன்பது உயர் நீதிமன்றங்கள், அவசரநிலையிலும் ஆட்கொணர்வு மனுவைக் கேட்போம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதுதான் ஜபல்பூர் வழக்கு. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்? அவசரநிலை நீடிக்கும்வரை அதற்கும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28இல் நான்கு நீதிபதிகள் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா ஒருவர் மறுத்தார். மறு ஆண்டு ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி பணிமூப்பில் இளையவரான எம்.எச். பெக்குக்குப் போயிற்று, கன்னா பதவி விலகினார்.

சென்னைக்கு அது ஏட்டுச் செய்தி இல்லை. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அடுத்த நாட்களில் கட்சிக்காரர்களும் மற்றவர்களும் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கே அவர்கள் தாக்கப்பட்டார்கள். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அவர்களில் ஒருவர். 1977 ஜனவரியில் அவர் இறந்துபோனார். நீதிபதி எம்.எம். இஸ்மாயில் தலைமையிலான ஆணையம் பிறகு அந்தச் சிறையில் நடந்ததை விசாரித்தது. நாடு முழுதும் அவசரநிலையில் பிடித்து அடைக்கப்பட்டவர்களின் தொகையை, அவசரநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் 1,10,806 என்று கணக்கிட்டது. அண்டை மாநிலமான கேரளத்தில் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் அழைத்துப் போனார்கள். மகன் எங்கே என்று கேட்டுத் தந்தை ஈச்சர வாரியர் ஓராண்டு அலைந்தார். அவசரநிலை முடிந்த பிறகே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு எடுபட்டது. மகன் திரும்பி வரவில்லை. முதலமைச்சராகியிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. கேள்வி கேட்கும் வாசல் அடைபட்ட நாட்களில், அடைபட்ட கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜனின் கதையைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

காரணம் கேட்கும் உரிமை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இப்போது தெளிவாகும் என்று நினைக்கிறேன். காரணத்தை எழுத வேண்டிய அதிகாரி ஒரு கணம் நின்று யோசிக்கிறார். எழுதினால் அது நாளை படிக்கப்படும், பொய்யென்றால் பிடிபடும். எழுத வேண்டாம் என்றால் அந்தக் கணமே இல்லாமல் போகிறது. சித்திரவதைக் கூடத்துக்குப் போகும் பாதை அங்கேதான் திறக்கிறது.

இதற்கு அடுத்த அத்தியாயம் நான் பலமுறை எண்ணிப் பார்த்து மகிழ்வது. 1977இல் ஜனதா ஆட்சி வந்தது. அவ்வாண்டு ஜூலையில் இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அந்த அரசு முடக்கியது. ஏன் என்று அவர் கேட்டார். பொதுமக்கள் நலன் கருதிக் காரணம் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. சற்று எண்ணிப் பாருங்கள். காரணம் சொல்லாத அரசால் துன்புற்றுச் சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் அமைச்சர்களாக அமர்ந்து, அதே பதிலைச் சொல்கிறார்கள். கேட்பவரோ, அவசரநிலை ஆட்சிக்கு மிக நெருங்கிய குடும்பத்தவர். அந்த மனுவின் மீதுதான் 1978 ஜனவரி 25இல் உச்ச நீதிமன்றம் கோபாலன் வழக்கின் குறுகிய பார்வையைக் கைவிட்டது. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது. அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும். பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும். முதன்மைத் தீர்ப்பை எழுதிய பகவதி, ஜபல்பூர் வழக்கில் அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவர். பாஸ்போர்ட் உடனே திருப்பித் தரப்படவில்லை. அவரது தரப்பைக் கேட்பதாக அரசு உறுதி தந்ததைப் பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் அன்று மேனகாவுக்குக் கிடைத்த அந்த வாசகம், அவசரநிலையில் அடிபட்டவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கிடைத்தது. நமக்குப் பிடிக்காதவருக்குக் கிடைக்கும் நீதியைத்தான் நம்முடைய நீதி என்று நம்ப முடியும்.

இந்த வழக்கில் இன்னொன்றும் இருக்கிறது. மேனகா ஏன் வெளிநாடு போக விரும்பினார்? அவர் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிப் பார்க்கவோ, உறவினரைப் பார்க்கவோ, சும்மாவோ. உரிமையைப் பயன்படுத்துபவர் காரணம் சொல்லக் கடமைப்படவில்லை, தடுப்பவர்தான் கடமைப்பட்டவர். இந்த நாட்டில் இது அடிக்கடி தலைகீழாகிறது. கூட்டம் நடத்த அனுமதி கேட்டால், எதற்கு, யார் பேசுகிறார்கள், என்ன பேசுவார்கள் என்று குடிமகன் விளக்கிக்கொண்டிருக்கிறான். மறுக்கும் அதிகாரி ஒரு வரியில் 'சட்டம் ஒழுங்கு' என்று எழுதி முடித்துவிடுகிறார்.

உரிமைக்கு வரம்பில்லை என்று நான் சொல்லவில்லை. பிறர் உயிருக்கும் மானத்துக்கும் ஊறு வருமானால் வரம்பு வரத்தான் வேண்டும். ஆனால் ஊறு என்று சொல்பவர் அதைக் காட்ட வேண்டும். இந்த ஊரிலேயே நடந்த வழக்கைச் சொல்கிறேன். 1950 மார்ச்சில் சென்னை அரசு, மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அரசாணையில் சட்டத்தின் பொதுச் சொற்களைத் தவிர விவரமான காரணம் எதுவும் இல்லை. சங்கத்தின் பொதுச் செயலாளர் வழக்கறிஞர் வி.ஜி. ராவ், கம்யூனிஸ்ட் வழக்குகளை நடத்தியவர். அவர் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1952இல் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்பு எழுதினார். அவர் சென்னை வழக்கறிஞர் மன்றத்திலிருந்து போனவர். கோபாலனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் இங்கே, அரசின் மனத்திருப்தி ஒன்றையே ஆதாரமாக வைத்து, நீதிமன்ற விசாரணைக்கு இடமின்றி, ஒரு சங்கத்தை முடக்குவது நியாயமான கட்டுப்பாடாகாது என்றார். ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது எதைத் தடுக்கிறது என்பதோடு, எப்படித் தடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது, அன்றைய நிலைமை என்ன என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் நீதிமன்றங்கள் எடுத்தாள்கின்றன. அது சென்னைச் சங்கம் ஒன்றின் வழக்கில் பிறந்தது என்று பலருக்கும் தெரியாது.

இனி நம் நாட்களுக்கு வருவோம். குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர்கள் என்று தொடங்கிய பட்டியல், வனக் குற்றம், திருட்டு வீடியோ, மணல் கொள்ளை, இணையவழிக் குற்றம், பாலியல் குற்றம் என்று நீண்டுகொண்டே வந்தது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் போதும். 12 நாளில் அரசு ஒப்புதல், மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் பார்வைக்கு, ஏழு வாரத்துக்குள் அதன் அறிக்கை, மொத்தம் 12 மாதம்வரை சிறை. தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சட்டத்தைப் பின்வந்த எந்த ஆட்சியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். ஒரு தெருவே நடுங்கும்படி மாமூல் வசூலிக்கும் ரவுடி, பிடிபட்ட பதினைந்து நாளில் ஜாமீனில் வந்து, சாட்சி சொன்ன பெட்டிக்கடைக்காரர் முன்னால் நிற்கிறான். 'குண்டாஸ் போட்டாச்சு' என்ற செய்தி கேட்டு அந்தத் தெரு நிம்மதியாக மூச்சு விடுகிறது. அந்த நிம்மதி பொய்யில்லை. அந்தப் பெட்டிக்கடைக்காரருக்கு அரசியல் சட்ட வகுப்பு எடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் அவருக்கு அரசு உண்மையில் தர வேண்டியது எது? ஓராண்டுக்குள் முடியும் விசாரணை, சாட்சிக்குப் பாதுகாப்பு, ஜாமீன் மனுவை ஆதாரத்தோடு எதிர்க்கும் அரசு வழக்கறிஞர். இவை மூன்றையும் செய்யாமல், செய்யாததை மறைக்க ஓர் ஆணை. ஆறேழு மாதத்தில் உயர் நீதிமன்றத்தில் 'குண்டாஸ் உடைகிறது'. அவன் திரும்பி வருகிறான். குற்ற வழக்கு இன்னும் விசாரணைக்கே வந்திருக்காது.

உடைவதற்கும் காரணம் இருக்கிறது. ஆணைகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அச்சு. கத்தியைக் காட்டி மிரட்டினார். கடைக்காரர்கள் கடைகளை மூடினர். பொதுமக்கள் நாலாபக்கமும் சிதறி ஓடினர். இதுபோன்ற வழக்கில் வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்திருப்பதால் இவருக்கும் கிடைக்க வாய்ப்புண்டு. ஊரும் பெயரும் மட்டும் மாறுகின்றன. 2011இல் காலாவதி மருந்து விற்றதாகச் சொல்லப்பட்ட சென்னை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: எந்த வழக்கில், யாருக்கு, எப்போது ஜாமீன் கிடைத்தது? விவரம் இல்லை. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவலைக் கையிலெடுப்பது சட்டவிரோதம் என்று அத்தீர்ப்பு சொன்னது. அச்சில் வார்த்த காரணம் காரணமே இல்லை. எல்லோருக்கும் பொருந்தும் பதில் எவருக்கும் சொல்லப்பட்ட பதிலாகாது.

அப்படி அச்சில் வார்க்கப் பழகிய கை அடுத்து எங்கே போகும்? 2017இல் பார்த்தோம். மே மாதம் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றி நினைவேந்த முயன்ற மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியும் தோழர்களும் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். ஜூலையில், ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர் மீதும் சேலத்தில் அதே சட்டம். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டு நிகழ்விலும் ஆணைகளை ரத்து செய்தது. இடைப்பட்ட வாரங்களை யாரும் திருப்பித் தரவில்லை. ரவுடிக்காகச் செய்த சட்டம் என்று கைதட்டிய நமக்கு, துண்டறிக்கைக்கும் அது பாயும்போது அதிர்ச்சியடைய உரிமை கொஞ்சம் குறைவுதான்.

தமிழ்நாட்டு அரசியலில் 'மிசாவில் இருந்தவர்' என்பது இன்றும் பெருமைக்குரிய அடைமொழி. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அதைச் சூடிக்கொள்ளும் எவரும், தன் ஆட்சியில் கையெழுத்தாகும் ஒவ்வொரு தடுப்புக் காவல் ஆணையையும் அந்தச் சிறைக் கொட்டடியில் உட்கார்ந்துகொண்டு படிக்கக் கடமைப்பட்டவர். இதை எந்த ஒரு கட்சியையும் நோக்கிச் சொல்லவில்லை. மாறிமாறி ஆண்ட எல்லோரையும் நோக்கித்தான் சொல்கிறேன்.

செய்யக்கூடியவை உண்டு, பெரிய புரட்சி தேவையில்லை. அறிவுரைக் கழகத்துக்கு எத்தனை ஆணைகள் போயின, எத்தனையை அது ஏற்றது, எத்தனை உயர் நீதிமன்றத்தில் ரத்தாயின, எந்தக் காரணத்தால் என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கலாம். தொடர்ந்து ரத்தாகும் ஆணைகளில் கையெழுத்திட்ட அதிகாரியிடம் துறை விளக்கம் கேட்கலாம். கைதிக்குத் தரும் காகிதம் முழுவதும், ரிமாண்ட் உத்தரவு முதல் மருத்துவச் சான்று வரை, முதல் நாளே தெளிவான தமிழில் இருக்கும்படி செய்யலாம்.

இன்னொன்று டெல்லியின் கையில் இருக்கிறது. அவசரநிலையில் பட்டது போதும் என்று 1978இல் நாடாளுமன்றம் 44ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. இனி எந்த அவசரநிலையிலும் 21ஆவது உறுப்பை முடக்க முடியாது என்று வந்தது அதில்தான். அதே திருத்தத்தின் மூன்றாவது பிரிவு 22ஆவது உறுப்பையும் திருத்தியது. அறிவுரைக் கழகத்தின் பார்வையின்றி மூன்று மாதம் வைத்திருக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைத்தது. கழக உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே நியமிக்க வேண்டும், தலைவராகப் பதவியில் இருக்கும் நீதிபதியே அமர வேண்டும் என்றது. கைதியின் பதிலைக் கேட்பவர் அரசின் ஆளாக இருக்கக்கூடாது என்பதற்காக நாடாளுமன்றமே தெரிந்து செய்த ஏற்பாடு அது.

அந்தப் பிரிவு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மற்றப் பிரிவுகள் வந்தன. இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பாணையை மட்டும் மத்திய அரசு வெளியிடவே இல்லை. உச்ச நீதிமன்றத்தில் கேட்டும் பார்த்தார்கள். அது அரசின் விருப்பம் என்று 1981இல் பெரும்பான்மை நீதிபதிகள் கைவிரித்தார்கள். 45 ஆண்டுகளுக்கு மேலாக, காங்கிரஸ், ஜனதா தளம், ஐக்கிய முன்னணி, பாரதிய ஜனதா என்று எத்தனையோ அரசுகள் மாறியும், ஒரு பக்கத் தாளில் முடியும் வேலை கிடப்பில் கிடக்கிறது. புதிய மசோதா வேண்டாம், விவாதம் வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம். ஏன் வெளியிடவில்லை என்று எந்த அரசும் நாட்டுக்கு நிறைவான விளக்கம் தந்ததில்லை. இங்கே அமர்ந்திருப்பவர்களுக்கெல்லாம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அடுத்த முறை அவர் உங்கள் பகுதிக்கு வரும்போது, சாலை, குடிநீர், ரயில் நிறுத்தம் எல்லாவற்றையும் கேளுங்கள். கூடவே இந்த அறிவிப்பாணை ஏன் வரவில்லை என்று அவையில் எழுந்து கேட்கச் சொல்லுங்கள். எழுத்துபூர்வமான பதிலை வாங்கிவரச் சொல்லுங்கள்.